பழைய இரும்பும் கணப்பு அடுப்பும்



தை மாதத்து விடியற்காலையில் நுவரெலியாப் பகுதியிலே கண்விழித்தவர்கள் குளிர் என்பது யாதென்பதை ஓரளவு அறிவார்கள். புல்நுனியிலே வெண்பனி உறைந்து கிடக்கும்; தண்ணீர்க் குழாயைத் தொட்டால் விரல் விறைக்கும். தோட்டத்து லயன் அறைகளிலே வாழ்வோர் அடுப்படியைச் சுற்றிக் குந்தியிருந்து, கைகளை நெருப்புக்கு நேரே நீட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் மாறி மாறிக் காட்டுவர். இச்செயலைக் குறிக்கக் 'குளிர்காய்தல்' என்ற அழகிய சொல் ஒன்று நம்மிடம் உண்டு. வெயிலிலே நெல் காய்வது போல, நெருப்பின் முன்னே நம் குளிர் காய்ந்துபோகிறது. யாழ்ப்பாணத்திலோ, மட்டக்களப்பிலோ, மன்னாரிலோ பிறந்து வளர்ந்தவர்களுக்கு இச்சொல்லை ஆளும் வாய்ப்பு அதிகம் நேர்வதில்லை. ஆயினும், இன்று நம் வீடுகளிலே பிள்ளையோ, சகோதரனோ பனிபெய்யும் நாடொன்றிலே வாழாத குடும்பங்கள் எத்தனை இருக்கும்? ஆதலின் குளிரைப் பற்றிய பேச்சு நமக்குப் புறம்பான பேச்சன்று.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், கடையிலே விலைகொடுத்து வாங்கும் கணப்புப் பொறிகளைப் பற்றியதன்று. பழைய தகரம், உடைந்த குழாய், ஓடித் தேய்ந்த வண்டியின் சில்லு, பயனற்றுப்போன சலவை இயந்திரம் ஆகியவற்றைக் கொண்டு மக்கள் தம் கையாலேயே ஆக்கிக்கொண்ட அடுப்புக்களைப் பற்றியது. சிலர் இதனைப் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். சிலர் செலவைக் குறைப்பதற்காகச் செய்கிறார்கள். ஆனால் வேறு வழியே இல்லாமல், செய்யாவிட்டால் மறுநாட் காலை உயிரோடு எழமாட்டோம் என்ற நிலையிலே இதனைச் செய்தவர்களும் உண்டு. அவர்களிடமிருந்து தொடங்குவதே முறையாகும்.

1941 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 8 ஆம் நாள், சோவியத்து நாட்டின் லெனின்கிராட் நகரம் தரைவழியாக முற்றுகைக்கு உள்ளாயிற்று. 1944 ஆம் ஆண்டு சனவரி 27 ஆம் நாள்வரை, 872 நாட்கள் அம்முற்றுகை நீடித்தது. இன்று அந்நகரம் தன் பழைய பெயராகிய சென்பீற்றர்ஸ்பேர்க் என்ற பெயரால் வழங்குகிறது. முதலாவது குளிர்காலம் மிகக் கொடியது. வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகைக்கும் அப்பாற் சென்றது. நிலக்கரி தீர்ந்தது, மின்சாரம் நின்றது, வீடுகளுக்கு வெந்நீர் சுமந்துசென்ற குழாய்கள் உறைந்து வெடித்தன. நவம்பர் 20 ஆம் நாள் முதல் டிசம்பர் 25 ஆம் நாள்வரை, தொழிலாளரல்லாத ஒருவருக்குக் கிடைத்த பாண் நாளொன்றுக்கு 125 கிராம் மாத்திரமே. அதிலும் மாவல்லாத கலப்புப் பொருட்கள் பல. பசியும் குளிரும் ஒன்றுக்கொன்று துணையாயின. வயிற்றிலே உணவில்லாத உடல் தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ள இயலாது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் அம்முற்றுகைக் காலத்திலே மாண்டனர் என்பது வரலாறு.

அந்நகரத்தில் உயிர் பிழைத்தவர்கள் பலரும் தம் நினைவுக் குறிப்புக்களிலே தவறாது கூறும் பொருள் ஒன்றுண்டு. அதுவே 'புர்ஷுயிக்கா' என்னும் சிறிய இரும்படுப்பு. இது முற்றுகைக் காலத்திலே புதிதாகப் பிறந்ததன்று. ருசியப் புரட்சியின் பின்னர், உள்நாட்டுப் போர்க்காலத்தின் விறகுப் பஞ்சத்திலேயே இது வீடுதோறும் தோன்றிவிட்டது. செல்வர் வகுப்பாரைக் குறிக்கும் 'பூர்ஷ்வா' என்ற சொல்லிலிருந்து வந்த கேலிப்பெயர் இது. வயிறு பெருத்த அதன் உருவத்தைக் கண்டு அப்பெயரிட்டனர் என்பர் ஒருசாரார். எவ்வளவு தின்றாலும் போதாதென்று கேட்டு, கொடுப்பதிலே மட்டும் கஞ்சத்தனம் காட்டுவதனால் இட்டனர் என்பர் வேறொரு சாரார். எவ்வாறாயினும், மக்கள் தம் துன்பத்திடையேயும் நகைச்சுவையை இழக்கவில்லை என்பது தெரிகிறது.

அவ்வடுப்பின் அமைப்பு மிக எளிது. இரும்புத் தகட்டினாலான ஒரு பெட்டி. அதற்கு நான்கு கால்கள். முன்னே ஒரு சிறு கதவு. பின்னேயிருந்து புறப்படும் ஒரு தகரக் குழாய். ருசிய நாட்டு வீடுகளின் சன்னல்களிலே காற்றோட்டத்துக்காக ஒரு சிறு கண்ணாடிக் கதவு தனியாக அமைந்திருக்கும். அக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தகரத்தை அடைத்து, அதிலே துளையிட்டுக் குழாயை வெளியே நீட்டினர். பெரிய வீட்டிலே வாழ்ந்த குடும்பம் ஒரே அறைக்குள் ஒடுங்கிற்று. அவ்வாறு ஒடுங்கியதிலும் ஒரு கணக்கு உண்டு. சும்மா அமர்ந்திருக்கும் ஒரு மனிதவுடல் ஏறத்தாழ 100 உவாற்று வெப்பத்தை வெளியிடுகிறது. ஐந்துபேர் ஓரறையில் இருந்தால், அவர்களே ஒரு சிறு கணப்பு அடுப்புக்குச் சமமாவர்.

அடுப்பு கிடைத்துவிட்டது, எரிப்பதற்கு என்ன செய்வது? முதலிலே நாற்காலி சென்றது. பின்னர் மேசை, அலுமாரி, நிலத்திற் பதித்திருந்த பலகை யாவும் சென்றன. இறுதியிலே புத்தகங்கள் சென்றன. எந்தப் புத்தகத்தை முதலில் எரிப்பது, எதனைக் கடைசிவரை காப்பது என்று வீட்டார் கூடியிருந்து முடிவுசெய்யவேண்டிய நிலை, கற்றோர் நிறைந்த அந்நகரத்திலே ஏற்பட்டது. 1942 ஆம் ஆண்டிலே, இரண்டாவது குளிர்காலம் வருமுன்னர், நகரத்திலிருந்த மரவீடுகளைப் பிரித்து விறகாக்குமாறு மக்கள் திரட்டப்பட்டனர்.

இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சியைக் கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. லெனின்கிராட்டிலே வவிலோவ் என்னும் அறிஞர் உலகெங்கும் அலைந்து சேர்த்த பயிர்விதைகளின் பெருங்களஞ்சியம் ஒன்று இருந்தது. அங்கிருந்த உருளைக்கிழங்கு வகைகளை உலர்த்தி வைக்க இயலாது, கிழங்காகவே காக்கவேண்டும், உறைந்தால் அவை அழிந்துவிடும். ஓல்கா வொஸ்கிறெசென்ஸ்காயா, வாடிம் லெக்னோவிச் என்னும் ஆய்வாளர் இருவர் அக்கிழங்குகளை ஒரு நிலவறையிலே வைத்து, கிடைத்த மரத்துண்டுகளையெல்லாம் பொறுக்கிவந்து நெருப்பு மூட்டி, நிலவறை உறைந்துபோகாதபடி காத்தனர். பசியால் வாடியவர்கள் அவர்கள். முன்னே இருந்தது உணவு. அதனை உண்ணாமல் அதற்குக் கணப்பு மூட்டினார்கள். வருங்காலத்துப் பயிருக்காக எரிந்த அந்த நெருப்பை நினைக்கும்போது, அடுப்பு என்பது சமையற்பொருள் மாத்திரமன்று என்ற உண்மை புலப்படுகிறதன்றோ?

இனி, ஐம்பது ஆண்டுகள் கடந்து வருவோம். பொஸ்னியா நாட்டின் தலைநகராகிய சரயேவோ, 1984 ஆம் ஆண்டிலே குளிர்கால ஒலிம்பிக்கு விளையாட்டு விழாவை நடத்திய நகரம். எட்டு ஆண்டுகளின் பின், 1992 ஆம் ஆண்டு ஏப்பிரிலில், அந்நகரம் முற்றுகைக்குள் வீழ்ந்தது. 1996 ஆம் ஆண்டு பெப்ருவரிவரை அது நீடித்தது. மின்சாரமும் வாயுவும் நீரும் அடிக்கடி அற்றுப்போயின. சன்னற் கண்ணாடிகள் உடைந்த இடங்களிலே, அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் நிறுவனம் வழங்கிய பிளாத்திக்குத் தாள்கள் ஒட்டப்பட்டன. அக்காலத்திலே அந்நகரத்துத் தகரவேலைக்காரர்கள் செய்த அடுப்புக்களைக் காண்போர் வியப்படைவர். உதவிப்பொருளாக வந்த எண்ணெய்த் தகரங்கள், அலுவலகக் கோவைப் பெட்டிகள், மின்சாரமின்றி வெறுமனே நின்ற சலவை இயந்திரங்களின் உருளைகள் ஆகிய யாவும் அடுப்பாயின. பூங்காக்களிலும் தெருவோரங்களிலும் நின்ற மரங்கள் வெட்டப்பட்டன. மரம் தீர்ந்தபின் வேர் தோண்டப்பட்டது. பழைய சப்பாத்துக்களும் எரிபொருளாயின.

அதே நாட்டிலே, திரினா ஆற்றங்கரையில் உள்ள கொராஸ்டே என்னும் சிற்றூரும் முற்றுகைக்குள்ளானது. அவ்வூரார் வெற்றுப் பீப்பாய்களை மிதவையாகக் கட்டி, அவற்றின்மேல் நீர்ச்சக்கரம் அமைத்து, மோட்டார் வண்டிகளிலிருந்து கழற்றிய மின்பிறப்பாக்கிகளை அதனோடு பொருத்திப் பாலத்தடியிலே ஆற்றின் ஓட்டத்தில் மிதக்கவிட்டனர். விளக்கொன்று எரியவும் வானொலி பாடவும் போதிய மின்சாரம் அதிலிருந்து கிடைத்தது.

மிக அண்மைக் காலத்திலே, 2022 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாக, உக்கிரேன் நாட்டின் மின்னிலையங்கள் தாக்கப்பட்டபோது, பழைய புர்ஷுயிக்கா மீண்டும் உயிர்பெற்றது. இம்முறை அதன் உடல் மோட்டார் வண்டிச் சில்லின் இரும்பு வட்டங்களாலாயிற்று. அத்தகைய வட்டங்கள் இரண்டையோ மூன்றையோ ஒன்றன்மேலொன்றாக வைத்து உருக்கி ஒட்டினால், தடித்த சுவருடைய அடுப்பொன்று எளிதிலே கிடைத்துவிடும். லித்துவேனியா நாட்டு மக்கள் தம் கொட்டில்களிலே கிடந்த பழைய சில்லு வட்டங்களைச் சேர்த்து, அடுப்பாக்கி, உக்கிரேனுக்கு அனுப்பினர். அடுப்புக்கு இடமில்லாத பதுங்குகுழிகளுக்கு வேறொன்று செய்தனர். வெற்று மீன் பேணியிலே காட்போட் மட்டையைச் சுருளாகச் சுற்றி நுழைத்து, உருகிய மெழுகை ஊற்றினார்கள். பேணியே விளக்காகவும் அடுப்பாகவும் பயன்பட்டது.

நேயர்களே, இவையெல்லாம் எங்கோ நடந்த கதைகள் என்று எண்ணவேண்டா. 1990 ஆம் ஆண்டின் பின்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மின்சாரம் அற்று, மண்ணெண்ணெயும் மின்கலமும் அரும்பொருளாகியிருந்த காலத்தை உங்களிற் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். ஜாம் போத்தலின் அடியிலே சிறிது பஞ்சையிட்டு, மண்ணெண்ணெயைத் துளித்துளியாய் அளந்து ஊற்றி, சிறு திரியைக் கொளுத்தி, அதன் ஒளியிலே பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிளை நிறுத்திவைத்து, மிதிகட்டையைச் சுழற்றி, அதன் தைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் ஊட்டினார்கள். ஒருவர் மிதிக்க, ஊரார் கூடியிருந்து செய்தி கேட்டனர். கொராஸ்டேயின் ஆற்றுமிதவையும் நம் விறாந்தையில் நின்ற சைக்கிளும் ஒரே காலத்தில் பிறந்த உடன்பிறப்புக்கள் எனலாம். இருவரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் ஒரே தேவை இருவருக்கும் ஒரே பாடத்தைக் கற்பித்தது.

இனி, இவ்வடுப்புக்களின் உட்பொருளுக்கு வருவோம். பழைய இரும்பைப் பெட்டியாக மடிப்பது கடினமன்று. அதற்குள் நெருப்பை ஒழுங்காக நடத்துவதே கடினம். எந்த அடுப்பாயினும் அதற்கு நான்கு உறுப்புக்கள் வேண்டும். காற்று உள்ளே வரும் வழி ஒன்று. எரியும் இடம் ஒன்று. வெப்பம் தங்கும் இடம் ஒன்று. புகை வெளியேறும் வழி ஒன்று. இந்நான்கனுள் ஒன்று பழுதானாலும் அடுப்பு பகையாகிவிடும்.

விறகு எவ்வாறு எரிகிறது என்பதை முதலிலே நோக்குவோம். விறகிலே நெருப்புப் பட்டவுடன், அதிலுள்ள நீர் ஆவியாகிப் போகிறது. பின்னர், வெப்பம் ஏற ஏற, விறகு சிதைந்து வாயுக்களை வெளிவிடுகிறது. நாம் சுவாலை என்று காண்பது அவ்வாயுக்கள் எரிவதையே. எஞ்சியது கரி, அது சுவாலையின்றிக் கனன்று எரிகிறது. விறகிலுள்ள ஆற்றலிற் பாதிக்கு மேற்பட்டது அவ்வாயுக்களிலேயே இருக்கிறது. அவை முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 600 சதமவளவைப் பாகை வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் இல்லையேல், அவை எரியாமலே புகையாகப் போய்விடும். ஆகவே, புகைபோக்கியிலிருந்து கரும்புகை எழுவதைக் கண்டால், அங்கே நம் விறகு எரியாமல் ஊருக்குத் தானமாகப் போகிறது என்று கொள்ளலாம்.

நன்கு உலர்ந்த விறகு ஒரு கிலோகிராமிலே, 1,000 உவாற்று மின்கணப்பொன்றை நான்கு மணிநேரம் நடத்துவதற்குப் போதிய ஆற்றல் உண்டு. ஆனால் பச்சை விறகின் எடையிற் பாதிவரை நீராக இருத்தல் கூடும். அந்நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பத்தின் ஒரு பகுதி கழிந்துவிடும். லெனின்கிராட் மக்கள் பனியில் நனைந்த கட்டைகளை அடுப்பின் பக்கத்திலேயே அடுக்கி உலர்த்தியபின் எரித்தமைக்குக் காரணம் இதுவே.

புர்ஷுயிக்காவின் பெருங்குறை அதன் மெல்லிய சுவர். ஐந்து நிமிடத்திலே அது செந்நிறமாகச் சூடேறும். நெருப்பு அணைந்த சிறிது நேரத்தில் பனிக்கட்டி போலாகிவிடும். இரும்பு வெப்பத்தை விரைவிலே கடத்துமேயன்றி, மெல்லிய தகட்டிலே அதனைச் சேமித்துவைக்க இடமில்லை. இதற்குப் பரிகாரம் யாது? அடுப்பைச் சுற்றிச் செங்கல்லையோ கருங்கல்லையோ அடுக்குவதே. கல் மெல்லச் சூடேறும், மெல்லவே ஆறும். நள்ளிரவில் நெருப்பு அணைந்தபின்னும் அது நம் காவலாளியாய் விழித்திருக்கும். மற்றொரு பரிகாரம், புகைக்குழாயை நேரே வெளியே விடாமல், அறைக்குள்ளே சிறிது தூரம் ஓடவிடுவது. புகையோடு வீணே போகும் வெப்பத்தை அக்குழாய் அறைக்குக் கொடுத்துவிட்டுச் செல்லும். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. குழாய் மிக நீண்டால் புகை ஆறிவிடும். ஆறிய புகை மேலெழாது. குழாயினுள்ளே தார் போன்ற கசடு படியும், அது சொட்டுச் சொட்டாகக் கசியும், ஒருநாள் தீப்பற்றும். ஆதலின், கிடையாக ஓடும் குழாய் அடிக்குக் கால் அங்குலமாவது மேனோக்கி ஏறவேண்டும் என்பது அனுபவம் வாய்ந்தோர் விதித்த விதி.

1980 களிலே அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் உள்ள அப்புறோவெச்சோ என்னும் ஆய்வு நிலையத்தைச் சார்ந்த லாரி வினியார்ஸ்கி என்பவர், இக்குறைகளை ஆராய்ந்து எளிய அடுப்பொன்றை வகுத்தார். அதன் உட்பகுதி ஒரு முழங்கை மடங்கியது போன்ற குழாய். கீழே கிடையான வாயிலிலே விறகும் காற்றும் நுழையும். அங்கிருந்து செங்குத்தான குழாயிலே நெருப்பு உறுமிக்கொண்டு மேலெழும். அக்குழாயைச் சுற்றிச் சாம்பல் போன்ற, வெப்பத்தைக் கடத்தாத பொருளை நிரப்பினார். சுவர் வெப்பத்தை உறிஞ்சாமையால், உள்ளே சூடு மிகும், வாயுக்கள் முற்றாக எரியும், புகை குறையும். வெற்றுத் தகரங்களாலும் பழைய குழாயாலும் இதனை யாரும் செய்துகொள்ளலாம். பின்வந்தவர்கள் இதன்மேலே 200 லீற்றர் எண்ணெய்ப் பீப்பாயைக் கவிழ்த்து மூடி, அதிலிருந்து வரும் சூடான காற்றைக் களிமண்ணாற் கட்டிய திண்ணையினூடே செலுத்தினர். மாலையிலே சில மணிநேரம் எரித்தால் விடியும்வரை திண்ணை இளஞ்சூடாயிருக்கும். இரும்பின் விரைவும் மண்ணின் பொறுமையும் ஒருங்கு சேர்ந்த அமைப்பு அது.

இதனை முதன்முதல் அறிந்தபோது எனக்கு என் இளமைக்காலத்து மரத்தூள் அடுப்பு நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டின் பின்விறாந்தையிலே வெற்றுப் பூச்சுப் பேணி ஒன்று இருந்தது. அதன் அடிப்பக்கத்திலே ஒரு துளை. பேணியின் நடுவே ஒரு போத்தலை நிறுத்தி, துளையினூடே ஒரு தடியை நுழைத்துப் போத்தலின் அடியைத் தொடவைத்து, சுற்றிலும் மரத்தூளை இறுக அடைப்போம். பின்னர்ப் போத்தலையும் தடியையும் மெல்லத் திருகி வெளியே எடுத்தால், தூளினுள்ளே முழங்கை போன்ற வழியொன்று அமைந்துவிடும். அடியிலே தீ மூட்டினால், அது உள்ளிருந்து வெளிப்புறமாக மணிக்கணக்கில் எரியும். மரத்தூளே எரிபொருள், மரத்தூளே வெப்பத்தைக் காக்கும் சுவர். போத்தலை அவசரமாக இழுத்தால் தூள் சரிந்துவிடும். அம்மாவிடம் ஏச்சு விழும். பொறியியல் என்ற பெயரை அறியாமலே நம் தாய்மார் அப்பொறியியலை நாள்தோறும் செய்துவந்தனர்.

இதுவரை நன்மையைப் பேசினோம். இனி அபாயத்தைப் பேசவேண்டும். இதனைச் சொல்லாமல் விடுவது, பிள்ளையின் கையிலே கத்தியைக் கொடுத்துவிட்டு அதன் கூர் எந்தப் பக்கம் என்று சொல்லாமற் போவதை ஒக்கும்.

முதலாவது அபாயம் கண்ணுக்குத் தெரியாதது. காற்றுப் போதாமல் எரியும் எந்நெருப்பும் காபனோரொட்சைட்டு என்னும் வாயுவை வெளிவிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றிக்கொள்வதினும் 200 மடங்குக்கு மேலான பற்றோடு இவ்வாயுவைப் பற்றிக்கொள்ளும். தலை இடிக்கும், குமட்டும், உறக்கம் வரும். அவ்வுறக்கத்திலிருந்து எழமாட்டோம். சுவாலை அடங்கி, கரி செவ்வனே கனன்றுகொண்டிருக்கும் வேளையே மிகக் கொடியது. 'நெருப்பு அடங்கிவிட்டது, இனிச் சூடு வெளியே போகாமல் புகைபோக்கியை அடைப்போம்' என்று எண்ணி அடைத்தவர்கள் ருசிய நாட்டிலே தலைமுறை தலைமுறையாக மாண்டிருக்கிறார்கள். நம் மலைநாட்டிலும், குளிர் பொறுக்காமல் சட்டியிலே கரிநெருப்பிட்டு, கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு உறங்குவோர் உண்டெனில், அவர்கள் இப்போதே அவ்வழக்கத்தை விட்டுவிடவேண்டும். குழாயில்லாத நெருப்பு, மனிதர் உறங்கும் அறைக்குள் ஒருபோதும் இருத்தலாகாது. வெளிநாட்டிலே வாழும் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுவோரும், தொலைபேசியிலே பேசுவோரும் இதனை ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இவ்வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் சிறு கருவிகள் அங்கே கடைகளில் விற்கப்படுகின்றன. அடுப்பை இலவசமாகச் செய்தவரும் அந்தக் கருவிக்குப் பணம் செலவிடத் தயங்கலாகாது.

இரண்டாவது, பழம்பொருளின் பழைய வாழ்க்கை. எந்தப் பேணியும் பீப்பாயும் நம்மிடம் வருமுன்னர் வேறொரு தொழில் செய்தது. எண்ணெய்ப் பீப்பாயிலும் வாயுக் கொள்கலத்திலும் எஞ்சியுள்ள ஆவி, வெட்டும்போது தெறிக்கும் ஒரு பொறியினால் வெடித்துவிடும். வாயிலைத் திறந்து, உள்ளேயுள்ளதை வெளியேற்றி, நீரை நிரப்பியபின்னரே தெரிந்தவர்கள் அவற்றை வெட்டுவர். நாகமுலாம் பூசிய தகடும் குழாயும் அடுப்புக்கு ஆகா. செஞ்சூட்டிலே நாகம் ஆவியாகி, அப்புகையைச் சுவாசித்தவருக்குக் காய்ச்சலை உண்டாக்கும். பூச்சுள்ள பீப்பாயை முதன்முறை வெட்டவெளியிலே எரித்து, பூச்சு முழுவதும் கருகிய பின்னரே வீட்டுக்குள் கொண்டுவரவேண்டும்.

மூன்றாவது, மூடிய நீர்ப்பாத்திரம். அடுப்போடு பழைய நீர்த்தொட்டியொன்றை இணைத்து வெந்நீர் பெற விரும்புவோர் பலர். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது. அது வெளியேற வழியில்லையெனில், அத்தொட்டி அடுப்பன்று, வெடிகுண்டு. திறந்த வாயுடைய பாத்திரமே வீட்டில் செய்வோருக்கு உகந்தது.

நான்காவது, அண்டைப் பொருள். அடுப்பைச் சுற்றி மூன்றடி தூரத்துக்குத் துணியோ, மரமோ, பாயோ இருத்தலாகாது. லெனின்கிராட்டிலே 1942 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், குண்டு வீழாத வீடுகளும் பல எரிந்தன. கவனியாது விடப்பட்ட புர்ஷுயிக்காக்களே அத்தீயைப் பரப்பின. அணைப்பதற்குக் குழாயிலே நீரில்லை. சரயேவோவிலே, வாயு வந்த நாட்களில், தோட்டத்துக்கு நீர்பாய்ச்சும் இறப்பர்க் குழாய்களால் வாயுவை வீட்டுக்குள் இழுத்தவர்களும் உண்டு. அக்குழாய்கள் கசிந்தன, வெடித்தன, போரிலே தப்பியவர்கள் அடுப்படியிலே மாண்டனர். தேவை கற்பிக்கும் ஆசிரியை என்பது உண்மையே. ஆனால் அவ்வாசிரியை சில வேளைகளிலே பாடத்தைப் பின்னரும் தண்டனையை முன்னரும் தருகிறாள்.

அன்பர்களே, இப்பேச்சிலிருந்து நாம் கொள்ளவேண்டியது யாது? எல்லாரும் நாளைக்கே பழைய இரும்புக் கடைக்குச் சென்று அடுப்புச் செய்யவேண்டும் என்பதன்று. நம் நாட்டின் பெரும்பகுதிக்குக் கணப்பு அடுப்பே தேவையில்லை. ஆயினும், பொருளை எறியுமுன் ஒருமுறை திருப்பிப் பார்க்கும் கண் நமக்குத் தேவை. சில்லிலே அடுப்பையும், பேணியிலே விளக்கையும், சைக்கிளிலே மின்னிலையத்தையும் கண்ட கண் அது. அக்கண்ணோடு, காற்று எவ்வழி வரும், புகை எவ்வழி போகும் என்று கேட்கும் அறிவும் சேரவேண்டும். கண் மட்டும் இருந்து அறிவு இல்லையேல், நாம் செய்த பொருளே நம்மைக் கொல்லும். அறிவு மட்டும் இருந்து கண் இல்லையேல், குவிந்த பழம்பொருளின் நடுவே குளிரால் நடுங்கியே இருப்போம்.

முற்றுகைக் காலத்து லெனின்கிராட்டிலே, வானொலியில் நிகழ்ச்சிகள் இல்லாத வேளைகளிலும் தாளமானியின் ஓசை மட்டும் 'டிக், டிக்' என்று இடைவிடாது ஒலிபரப்பப்பட்டது. நகரம் இன்னும் உயிரோடிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. இருண்ட அறையிலே, பழந்தகரத்தாற் செய்த அடுப்பின் முன்னே, கைகளை நீட்டியவாறு அவ்வோசையைக் கேட்டிருந்த மக்களை நினைத்துப் பாருங்கள். சைக்கிள் மிதித்து வானொலி கேட்ட நமக்கு அவர்கள் அந்நியரல்லர். அத்தகைய காலம் எவருக்கும் இனி வாராதிருக்க விரும்புவோம். வந்தால், அடுப்பு மூட்டத் தெரிந்தவராய் இருப்போம்.